முப்பது நொடி போஸிலிருந்து ஒரு கதாபாத்திரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவிய வகுப்பில் மாடல் நிற்பார், கடிகாரம் ஓடும், நாம் வேகவேகமாகக் கிறுக்குவோம். வகுப்பு முடிந்து பார்த்தால் கையில் நாற்பது ஐம்பது தாள் இருக்கும். அந்தக் கிறுக்கல்களிலிருந்து கொஞ்சம் அத்துமீறிய, உயிருள்ள ஆட்களை எப்படி உருவாக்குவது என்று என்னுடன் வரைபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை இங்கே இருக்கின்றன. வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் "எதை மிகைப்படுத்துவது" என்ற கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். மற்றவை எல்லாம் அதைச் சுற்றித்தான் வருகின்றன.

ஆளைப் பார்த்து வரைவது என்றால் உள்ளது உள்ளபடி வரைவதுதானே? மிகைப்படுத்தல் எங்கிருந்து வந்தது?

ஒரு நிமிடப் படத்தில் உள்ளது உள்ளபடி என்று எதுவும் கிடையாது. அந்த நேரத்துக்குள் இருபது முப்பது கோடு போடலாம், அவ்வளவுதான். எதிரே நிற்கும் உடம்பிலோ எண்ணி முடியாத அளவு விஷயம் இருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது என்று உங்கள் கை ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டது. அந்த முடிவைத் தெரிந்தே, இன்னும் துணிச்சலாக எடுப்பதைத்தான் மிகைப்படுத்தல் என்கிறோம்.

1932இல் டிஸ்னி ஸ்டுடியோ தன் அனிமேஷன் ஓவியர்களுக்காக டான் கிரஹாம் என்ற ஆசிரியரை வைத்து மாடல் வகுப்பு நடத்த ஆரம்பித்தது. எலியும் நாயும் வரைகிறவர்களுக்கு மனித உடம்பு எதற்கு என்று தோன்றலாம். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும் ஆளின் கனம் முதலில் எங்கே போகிறது என்று பார்த்துப் பழகியவர் வரைந்தால்தான் அந்த எலியும் தரையில் ஊன்றி நிற்கும். இல்லாவிட்டால் காகிதத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி மிதக்கும்.

அப்படியானால் இது கேரிகேச்சர்தானே?

உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. அந்தச் சொல்லின் வேர் இத்தாலிய மொழியில் சுமை ஏற்றுவதைக் குறிக்கும் 'காரிகாரே' என்ற வினை. கேரிகேச்சரில் பெரும்பாலும் முகத்தின் மேல் சுமை ஏற்றுகிறோம், பார்த்தவுடன் இன்னார் என்று தெரிய வேண்டும். இங்கே சுமை போஸின் மேல் ஏறுகிறது. மாடல் யார் என்று தெரிய வேண்டியதில்லை, தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. அந்த ஆள் என்ன செய்கிறார், எந்த மனநிலையில் செய்கிறார் என்பது அறையின் மறுமூலையிலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும்.

எனக்கு இன்னும் சரியாகவே வரைய வரவில்லை. முதலில் அதைக் கற்றுக்கொண்டு, அப்புறம் இதற்கு வருவதுதானே முறை?

அந்த 'அப்புறம்' பலருக்கு வருவதே இல்லை என்பதைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாறு வருடம் அளந்து அளந்து வரைந்தவர்களின் கை இறுகிவிடுகிறது, பிறகு தளர்த்துவது பெரும்பாடு. இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யுங்கள். நீண்ட போஸில் அளந்து வரையுங்கள், குறுகிய போஸில் தளர்ந்து வரையுங்கள்.

எலும்பு எங்கே மடங்கும், எங்கே மடங்காது என்ற அடிப்படை அறிவு வேண்டும்தான். மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தசைகளின் லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மண்டை, நெஞ்சுக்கூடு, இடுப்புக்கூடு ஆகிய மூன்று கெட்டியான பெட்டிகளும், அவற்றை இணைக்கும் வளையக்கூடிய கழுத்தும் இடையும் மனதில் இருந்தால் தொடங்கப் போதும்.

எத்தனை நொடி போஸ் நல்லது?

முப்பது நொடியும் ஒரு நிமிடமும். இரண்டு நிமிடம் கிடைத்தால் தாராளம். ஐந்து நிமிடம் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் முதல் ஒரு நிமிடத்தில் நன்றாக வரைந்ததை மீதி நான்கு நிமிடத்தில் கெடுக்கிறார்கள், நானும் அதில் சேர்த்தி. குறுகிய போஸில் இன்னொரு லாபமும் உண்டு. அரை நிமிடம்தான் என்றால் மாடல் ஒற்றைக்காலில் நிற்பார், முறுக்குவார், எட்டிப்பிடிப்பார். இருபது நிமிடம் என்றால் பாவம், உட்காரத்தான் வேண்டும்.

முப்பது நொடிக்குள் எதைப் பார்ப்பது? வெளிக்கோடு போடுவதற்குள்ளேயே மணி அடித்துவிடுகிறது.

வெளிக்கோட்டில் தொடங்குவதால்தான் மணி அடிக்கிறது. தலையில் ஆரம்பித்து, காது வழியாகத் தோளுக்கு இறங்கி, முழங்கையை எட்டும்போது நேரம் தீர்ந்துவிடும். கையில் மிஞ்சுவது ஒரு காதும் ஒரு தோளும்.

முதல் ஐந்து நொடி பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா பாருங்கள். கனம் எந்தக் காலில் இறங்குகிறது? அதற்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு காலில் கனத்தைப் போட்டு நின்றால் அந்தப் பக்க இடுப்பு மேலே ஏறும், பெரும்பாலும் அதே பக்கத் தோள் கீழே இறங்கும். சிற்பங்களில் திரிபங்கம் என்று சொல்வதும், ஐரோப்பியர் கான்ட்ராபோஸ்டோ என்று சொல்வதும் உடம்பின் இந்த இயல்பை வைத்து எழுந்தவைதான்.

அடுத்து, தலையிலிருந்து ஊன்றிய பாதம்வரை ஓடும் ஒரே நீண்ட கோடு. அனிமேஷன்காரர்கள் இதை ஆக்‌ஷன் கோடு என்பார்கள். அது வில்லாக வளைந்திருக்கலாம், பாம்பாக நெளிந்திருக்கலாம், நேராகக் குத்திட்டும் இருக்கலாம். அதைத் தோளிலிருந்து கையை வீசி ஒரே இழுப்பில் போடுங்கள், மணிக்கட்டிலிருந்து வேண்டாம். அதன் மேல் தோளுக்கு ஒரு சாய்கோடு, இடுப்புக்கு ஒரு சாய்கோடு. இவ்வளவும் பத்து நொடி வேலை. மீதி நேரத்தில் கை கால்களை அவை போகும் திசைக்குத் தள்ளிவிடுங்கள். மூக்கு, விரல், தலைமுடி எல்லாம் நேரம் மிஞ்சினால் மட்டும்.

கடைசி ஐந்து நொடி இருந்தால் தாளின் ஓரத்தில் ஒரே ஒரு வினைச்சொல்லை எழுதுங்கள். 'பதுங்குகிறார்', 'அலட்டுகிறார்', 'காத்திருந்து சலித்துவிட்டார்'. நான் சொல்லிக்கொடுப்பவர்கள் பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், பின்னால் இதற்காகத்தான் வருத்தப்படுகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும்போது படம் எதுவும் சொல்லாது, அந்தச் சொல்தான் சொல்லும்.

எதை மிகைப்படுத்துவது என்று எப்படி முடிவு செய்வது?

நான் தொடங்கிய காலத்தில் எல்லாருக்கும் பெரிய தலை, பெரிய மூக்கு, குச்சிக்கால் போட்டு வைத்தேன். ஒரு கட்டுத் தாள் முழுக்க அதே ஆள்தான். அதைப் பார்த்த மூத்த ஓவியர் ஒருவர், "போஸ் எங்கேப்பா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மாடல் அன்று முழுக்கக் குதித்தும் குனிந்தும் உழைத்திருந்தார். நான் அதையெல்லாம் விட்டுவிட்டு உறுப்புகளை ஊதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மிகைப்படுத்த வேண்டியது போஸ் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையை. சாய்ந்திருந்தால் சாய்வை, முறுக்கியிருந்தால் முறுக்கை, தொங்கினால் தொங்கலை. உறுப்பின் அளவு மாறலாம், ஆனால் அந்த வேலைக்கு உதவுவதற்காக மட்டும் மாற வேண்டும்.

ஒரு போஸை எடுத்துப் பார்ப்போம். மாடல் வலது கையில் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். (வாளி காலிதான், ஆனால் கனமாக இருப்பதாக நடிக்கிறார்.) வலக்கை கயிறு மாதிரி நேராகத் தொங்குகிறது. உடம்பு எதிர்ப்பக்கமாக, இடது பக்கம் சாய்கிறது. இடக்கை காற்றில் விரிந்து தடுமாற்றத்தைச் சரிக்கட்டுகிறது. முழங்கால் லேசாக மடங்கியிருக்கிறது.

இதில் வேலை செய்கிற சக்தி இரண்டு: வாளி கீழே இழுக்கிறது, உடம்பு அதற்கு எதிராக இழுக்கிறது. சரி, இரண்டையும் கூட்டுங்கள். வலக்கையை வாளி தரையை உரசும் அளவுக்கு நீளமாக்குங்கள். உடம்பை நன்றாக வளைந்த வில்லாக்குங்கள். இடக்கையைச் சிறகு மாதிரி உயர்த்துங்கள். கால்களைக் குட்டையாக்கிப் பாதங்களை அகலமாக்கினால் கனம் தரைக்குள் இறங்குவது தெரியும். இவ்வளவு செய்தும் மூக்கைத் தொடவே இல்லை, ஆனால் ஒரு ஆள் கிடைத்துவிட்டார்.

இப்போதுதான் சுவாரசியமான இடம். யார் தூக்குகிறார்? தனக்குக் கனமே இல்லை என்று காட்டிக்கொள்ள நினைக்கும் வீராப்புக்காரர் என்று வையுங்கள். நெஞ்சு நிமிரும், தாடை மேலே போகும், முகத்தில் சிரமம் இருக்காது. நீண்டுபோன கையும் தரையிலிருந்து எழும்பிய ஒற்றைக் குதிகாலும் மட்டும் அவரைக் காட்டிக்கொடுக்கும். அதே வாளியைக் காலையிலிருந்து ஐம்பதாவது தடவை தூக்கும் ஆள் என்றால் தலை வாளியின் பக்கமாகவே சரியும், இடக்கை விரியக்கூட மனமில்லாமல் தொங்கும், வில் உடைந்து முதுகு கூனும். உள்ளே இருப்பது சிந்திவிடுமோ என்று பயப்படும் ஆள் என்றால் மொத்த உடம்பும் வாளியைப் பார்த்துச் சுருங்கும், அடி எடுத்து வைப்பது நுனிக்காலில் இருக்கும். மாடல் தந்தது ஒரு போஸ், அதிலிருந்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். மூவரிலும் நீங்கள் கூட்டியது வேறு வேறு.

ஓரத்தில் எழுதிய வினைச்சொல் இங்கேதான் கைகொடுக்கும். 'தூக்குகிறார்' என்று எழுதியிருந்தால் படம் பொதுவாக இருக்கும். 'கனமில்லாததுபோல் நடிக்கிறார்' என்று எழுதியிருந்தால் எதைக் கூட்டுவது, எதை அடக்குவது என்று கேட்கவே தேவைப்படாது.

எவ்வளவு தூரம் போகலாம்? எல்லை என்று ஒன்று இருக்கிறதா?

உடைகிறவரை போய்விட்டு ஒரு படி பின்னால் வாருங்கள். முன்கூட்டியே நின்றுகொள்கிறவர்கள்தான் அதிகம். உங்கள் ஸ்கெட்சில் தோள் 10 பாகை சாய்ந்திருந்தால் அடுத்த தாளில் 20, அதற்கடுத்ததில் 40 என்று மூன்று படம் போடுங்கள். மூன்றாவது அபத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் பார்த்த கண்ணுக்கு இரண்டாவது கோழைத்தனமாகத் தெரியும். கடைசியில் 30 பாகைக்குக் கிட்டே வந்து நிற்பீர்கள். நேராக 30க்குப் போக முயன்றால் கை 15இலேயே நின்றுவிடும், இது என் அனுபவம்.

பார்ப்பவரின் கண் இதைத் தாங்கும், விரும்பவும் செய்யும். 1987இல் கில்லியன் ரோட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர்களின் முகங்களைச் சரியான கோட்டோவியத்தில் பார்த்ததைவிட மிகைப்படுத்திய கோட்டோவியத்தில் பார்த்தபோது மக்கள் வேகமாக அடையாளம் கண்டார்கள். பறவைகளிலும் இப்படி ஒன்று உண்டு. கடற்காகக் குஞ்சு தாயின் அலகில் உள்ள சிவப்புப் புள்ளியைக் கொத்தி இரை கேட்கும். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த நிக்கோ டின்பெர்கன் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு சிவப்புக் குச்சியைக் காட்டினார். குஞ்சுகள் தாயின் தலை மாதிரியைவிட அந்தக் குச்சியை அதிகமாகக் கொத்தின. குச்சி அலகு போலவே இல்லை, ஆனால் அலகில் குஞ்சு எதைத் தேடுகிறதோ அது அதில் கூடுதலாக இருந்தது. எனக்கு இது பிடித்த உதாரணம்.

ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் கூட்டினால் எதுவுமே கூடியதாகத் தெரியாது. ஒன்று நீண்டால் பக்கத்தில் ஒன்று குறுக வேண்டும், ஒரு பக்கம் விரிந்தால் மறுபக்கம் நசுங்க வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு பெரிய தள்ளல் (மிகைப்படுத்துவதைத்தான் தள்ளுவது என்கிறேன்), அதற்குத் துணையாக இரண்டு சின்னது. அவ்வளவு போதும்.

தள்ளிப் பார்த்தேன். ஆள் ரப்பர் பொம்மை மாதிரி ஆகிவிட்டார். ஏன்?

எல்லா இடத்திலும் வளைவு போட்டிருப்பீர்கள். முன்கை வளையாது, கணுக்காலுக்கு மேலே உள்ள எலும்பு வளையாது, மண்டை நசுங்காது. நான் முன்பு சொன்ன மூன்று பெட்டிகளும் கெட்டியாக இருந்து, அவற்றுக்கு இடையில் மட்டும் உடம்பு நீளவோ மடியவோ வேண்டும். இடுப்பில் ஒரு பக்கம் சதை மடிந்து நசுங்கினால் மறுபக்கம் இழுபட்டு நேராகும். அந்த வேறுபாடு இல்லாமல் இரண்டு பக்கமும் ஒரே அளவு வளைந்தால்தான் குழாய் வந்துவிடுகிறது.

கை கால்களிலும் இதுதான். ஒரு ஓரம் வளைந்தால் எதிர் ஓரத்தை ஏறக்குறைய நேராக விடுங்கள். இரண்டு ஓரமும் ஒரே இடத்தில் உப்பினால் பலூன் முறுக்கி வைத்ததுபோல இருக்கும். கெண்டைக்காலை உங்கள் காலிலேயே பாருங்கள், உள்பக்கப் புடைப்பும் வெளிப்பக்கப் புடைப்பும் ஒரே மட்டத்தில் இருக்காது, வெளிப்பக்கம் சற்று மேலே இருக்கும்.

இன்னொரு காரணம் சமநிலை. அசையாமல் ஒரே காலில் கனம் போட்டு நிற்கும் ஆளை முன்னாலிருந்து பார்த்தால் கழுத்துக் குழி ஊன்றிய பாதத்துக்கு நேர் மேலே இருக்கும். சாய்வைக் கூட்டும்போது பாதத்தையும் கூடவே நகர்த்த மறந்தால் ஆள் விழுவார். விழுகிற ஆளையோ ஓடுகிற ஆளையோ வரைவதானால் இதை வேண்டுமென்றே உடைக்கலாம். சும்மா நிற்கிறவரிடம் வேண்டாம்.

தலைக்கும் உடம்புக்கும் என்ன விகிதம் வைப்பது?

சராசரிப் பெரியவர் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம். ஒரு வயதுக் குழந்தை நான்கு தலை. சாகசக் கதை நாயகர்களை எட்டு, எட்டரைத் தலைக்கு இழுப்பார்கள். கார்ட்டூன் ஆட்கள் மூன்று நான்கில் நிற்பார்கள். இதிலிருந்து ஒரு விஷயம் எடுத்துக்கொள்ளலாம்: தலை பெரிதாகப் பெரிதாக ஆள் குழந்தைத்தனமாகவோ செல்லமாகவோ தெரிவார், தலை சிறுக்கச் சிறுக்க உடம்பின் ஆகிருதி ஓங்கும். வாளி தூக்கும் வீராப்புக்காரருக்கு நான் சின்னத் தலைதான் வைப்பேன். ஆனால் விகிதத்தை முன்னாலேயே முடிவு செய்துவிட்டுப் போஸை அதற்குள் திணிக்காதீர்கள்.

முகத்தை எப்போது வரைவது?

கடைசியில். முகம் வந்ததும் நம் கண் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்ளும், உடம்பில் உள்ள தப்பை மன்னித்துவிடும். தலையை வெறும் முட்டையாக விட்டு, அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒரு குறுக்குக்கோடு மட்டும் போட்டு வையுங்கள். உணர்ச்சி அதிலேயே தெரிந்தால் முகத்தை அதற்குப் பொருத்தமாகப் போடலாம், அல்லது வீராப்புக்காரருக்குச் செய்ததுபோல உடம்புக்கு எதிராகவும் போடலாம். எதிராகப் போடும்போதுதான் பெரும்பாலும் சிரிப்பு வரும்.

விரல்கள்?

முதலில் குளிர்காலக் கையுறை மாதிரி, கட்டைவிரல் தனி, மற்ற நான்கும் ஒரே கட்டி. அந்தக் கட்டி சுட்டுகிறதா, கெஞ்சுகிறதா, பிடிக்கிறதா என்று தெரிந்த பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

மாடல் சும்மா நேராக நிற்கிறார். தள்ளுவதற்கு அங்கே ஒன்றும் இல்லையே?

'ஒன்றும் இல்லை' என்பதே பல நேரம் நல்ல சரக்கு. நேராக நிற்பவரில் சலிப்பு இருக்கலாம், விறைப்பு இருக்கலாம், பணிவு இருக்கலாம். முழங்கால் பின்னுக்குப் பூட்டியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா? தாடை உள்ளே போயிருக்கிறதா? தோள் காதுப்பக்கம் ஏறியிருக்கிறதா? விறைப்பாக நிற்கிறவரைத் தூணாகவே ஆக்குங்கள், எல்லாக் கோடும் செங்குத்தாக, கழுத்தே இல்லாமல். வளைவு மட்டும்தான் மிகைப்படுத்தல் என்று யாரும் சொல்லவில்லை.

அப்படியும் ஒன்றும் கிடைக்கவில்லையா, நகர்ந்து வேறு பக்கம் உட்காருங்கள். முன்னாலிருந்து மந்தமாகத் தெரியும் போஸ் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கேள்விக்குறி மாதிரி வளைந்திருக்கும்.

மிகைப்படுத்திய படத்தை மாடல் முன்னாலேயே வரைந்துவிடலாமா, வீட்டுக்கு வந்து செய்ய வேண்டுமா?

நான் இரண்டு படமாகப் பிரித்துச் செய்யச் சொல்வேன். வகுப்பில் பார்ப்பது, வீட்டில் முடிவெடுப்பது. சிற்பி ரோதேன் தன் பிற்காலத்தில் மாடல்களைத் தன் ஸ்டுடியோவில் இஷ்டப்படி நடமாடச் சொல்லி, கண்ணை அவர்கள் மேலிருந்து எடுக்காமல், தாளைப் பார்க்காமலேயே வரைந்தார். பிறகு அவற்றில் சிலவற்றை வேறு தாளில் பிரதியெடுத்து, கோட்டைச் சுத்தமாக்கி, நீர்வண்ணம் பூசினார். முதல் தாளில் பார்வையின் வேகம், இரண்டாவதில் தேர்வு. இந்த இடைவெளி நமக்கும் உதவும்.

பிரதியெடுக்கும்போது பழைய கோட்டின் மேலேயே அச்சு மாதிரி போகாதீர்கள், அது செத்துவிடும். டிரேசிங் பேப்பரை வைத்து, ஆக்‌ஷன் கோட்டை மட்டும் பழையதைவிட அதிகமாக வளைத்துப் போடுங்கள். அப்புறம் கீழே இருக்கும் ஸ்கெட்சை உருவிவிட்டு மீதியை அந்தப் புதுக் கோட்டின் மேல் கட்டுங்கள்.

இதைவிடக் கடினமான, ஆனால் அதிகப் பலன் தரும் வழி, ஸ்கெட்சையே பார்க்காமல் நினைவிலிருந்து வரைவது. ஒரு மணி நேரம் கழித்து நினைவில் எஞ்சுவது எதுவோ அதுதான் உங்களை உண்மையில் பாதித்தது. தேவையில்லாததை மறதியே வடிகட்டிக் கொடுத்துவிடுகிறது. கேலிச்சித்திரக்காரர் ஓனோரே தோமியே பிரெஞ்சு அரசியல்வாதிகளின் தலைகளைக் களிமண்ணில் சின்னச் சின்னதாகப் பிடித்து வைத்துக்கொண்டார். அவற்றில் 36 இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படம் போடுவதற்கு முன் மண்ணில் பிசைந்தே ஆளைத் தள்ளிப் பார்த்துவிட்டார். உங்களுக்கும் களிமண் பிடிக்கும் என்றால் முயன்று பாருங்கள், கோட்டில் தெரியாத கனம் விரலுக்குத் தெரியும்.

மாடல் கிடைக்கவில்லை. போட்டோ பார்த்து வரையலாமா?

தாராளமாக. ஆனால் போட்டோவில் கனம் கண்ணுக்கு எளிதில் தெரியாது, லென்ஸ் ஏற்கெனவே எல்லாவற்றையும் தட்டையாக்கிவிட்டது. அதனால் வரையும் முன் அந்த போஸில் நீங்களே ஒரு தடவை நின்று பாருங்கள். எந்தக் கால் வலிக்கிறது, முதுகில் எங்கே இழுக்கிறது என்று தெரியும். வலிக்கிற இடம்தான் பெரும்பாலும் கூட்ட வேண்டிய இடம். மாடல் இருக்கும்போதும் நான் இதைச் செய்வதுண்டு, பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

வீடியோவும் நல்லது. ஓடவிட்டு, நிறுத்தாமல், ஓடி முடிந்த பிறகு வரையுங்கள். நிறுத்தி நிறுத்தி வரைந்தால் அதுவும் போட்டோதான்.

என்ன தாள், என்ன பென்சில்?

மலிவான நியூஸ்பிரிண்ட் தாள், பெரிய அளவில். விலை உயர்ந்த தாள் கையைப் பயமுறுத்தும். சார்கோலோ தடித்த மெழுகுப் பென்சிலோ கூர்மையில்லாமல் இருக்கட்டும், நுணுக்கம் போட முடியாமல் போவதே அதன் நன்மை. இரண்டாவது படத்துக்கு பிரஷ் பென் எனக்குப் பிடிக்கும், அழிக்க முடியாது என்பதால். அழிப்பானை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

டேப்லெட்டில் வரைகிறேன். படத்தைப் பிசைந்து இழுக்கும் லிக்விஃபை கருவியை வைத்து இழுத்துவிட்டால் போதாதா?

இழுக்கலாம். ஆனால் அந்தக் கருவிக்கு எலும்பு எது, சதை எது என்று தெரியாது. முன்கையையும் வயிற்றையும் ஒரே மாவாகத்தான் பிசையும். மேலே கேட்ட ரப்பர் பொம்மைக் கேள்வியில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. எந்தப் பக்கம் தள்ளலாம் என்று சோதித்துப் பார்க்க அதை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அந்த லேயரை மங்கலாக்கி அதன் மேல் புதிதாக வரையுங்கள்.

டேப்லெட்டில் நிஜமாகவே லாபமான ஒன்று உண்டு. வரைந்ததை முழுக்கக் கறுப்பால் நிரப்பி நிழலுருவாகப் பாருங்கள். உள்ளே கோடு எதுவும் இல்லாமல் ஆள் என்ன செய்கிறார் என்று தெரிந்தால் போஸ் சரி. கை உடம்புக்குள் மறைந்து கட்டியாகத் தெரிந்தால் அதை வெளியே எடுங்கள். இதை மட்டும் எல்லாரையும் செய்யச் சொல்வேன்.

உடை, தலைமுடி இவற்றை எப்படிச் சேர்ப்பது?

துணி எங்கிருந்து தொங்குகிறது, எங்கே இழுபடுகிறது என்று இரண்டு இடம் கண்டுபிடித்தால் போதும். மடிப்புகள் அந்த இரண்டுக்கும் நடுவில் ஓடும். முடியும் துணியும் உடம்பைவிடக் கொஞ்சம் தாமதமாக நகரும், ஆகவே திரும்புகிற ஆளின் முடி இன்னும் பழைய திசையிலேயே பறந்துகொண்டிருக்கும். போஸ் பலவீனமாக இருக்கும்போது உடையை வைத்து மூடப் பார்க்காதீர்கள்.

தன்னை இப்படி வரைந்ததைப் பார்த்தால் மாடல் வருத்தப்பட மாட்டாரா?

போஸைத் தள்ளினால் யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. "நான் இவ்வளவு வளைந்தேனா" என்று ரசிப்பார்கள். உடம்பின் பருமனையோ, வயதையோ, மச்சத்தையோ கேலி செய்தால் வருத்தப்படுவார்கள், அது நியாயமும்கூட. ஒரு மணி நேரம் அசையாமல் உழைத்தவரை அவமதிப்பது முறையல்ல. அப்புறம், படத்தைப் பொதுவில் வெளியிடுவதாக இருந்தால் முகம் அவர் முகமாக இருக்க வேண்டாம், அவரிடம் கேட்டுக்கொண்டும் வெளியிடுங்கள். அனுமதியில்லாமல் போட்டோ எடுப்பது வேண்டவே வேண்டாம்.

என் கதாபாத்திரங்கள் எல்லாம் ஒரே குடும்பத்துக்காரர்கள் மாதிரி இருக்கிறார்கள்.

கை தனக்குப் பழகிய வடிவத்துக்குத் திரும்பிப் போகிறது. பெரும்பாலும் அது நம் உடம்பின் வடிவமேதான், கண்ணாடியில் பார்த்தால் தெரியும். வெளியே வர ஒரு வழி: ஒரே ஸ்கெட்சை எடுத்து மூன்று தடவை வரையுங்கள், ஒன்று வட்டங்களால் மட்டும், ஒன்று கட்டங்களால் மட்டும், ஒன்று முக்கோணங்களால் மட்டும். வாளி தூக்குபவர் முக்கோணத்தில், அகலம் மேலே இருக்கும்படி வந்தால் ஒரு ஆள், அகலம் கீழே இருக்கும்படி வந்தால் வேறு ஆள். செயற்கையாகத்தான் இருக்கும், ஆனால் பழக்கம் உடையும்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. எப்படிப் பிரிப்பது?

இருபது நிமிடம் முப்பது நொடி போஸ்கள். தாள் மாற்றும் நேரத்தையும் சேர்த்தால் முப்பது படம் வரும். ஐந்து நிமிடம் எழுந்து நடந்துவிட்டு வந்து எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பாருங்கள். அவற்றில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். அழகாக வந்ததை எடுக்காதீர்கள், ஓரத்துச் சொல்லும் கோடும் ஒத்துப்போவதை எடுங்கள். மீதி நேரம் முழுக்க அந்த இரண்டையும் மூன்று நான்கு தடவை தள்ளிப் பாருங்கள். முப்பதையும் கதாபாத்திரமாக்க முயல்கிறவர்கள் மூன்றாம் வாரம் காணாமல் போகிறார்கள்.

மீதி இருபத்தெட்டை என்ன செய்வது?

ஓரத்துச் சொல் நன்றாக இருப்பவற்றை மட்டும் தேதி போட்டு எடுத்து வையுங்கள், ஆறு மாதம் கழித்து வேறு ஆள் அதற்குள்ளிருந்து எழுந்து வரலாம். எனக்கு அப்படி வந்திருக்கிறார்கள். மற்றதைத் திருப்பிப்போட்டு அடுத்த வாரம் பின்பக்கத்தில் வரையுங்கள்.